அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வருமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. ஊர் திங்கள்சந்தை பக்கம். 2022-ல் முதல் கர்ப்பம். எட்டாம் மாதம் தொடங்கியபோது முகமும் கையும் வீங்கின. பிள்ளைத்தாச்சிக்கு நீர் வைக்கத்தான் செய்யும் என்றார்கள். பிறகு இரண்டு நாள் விடாத தலைவலி. மூன்றாம் நாள் காலையில் பிரஷர் பார்த்தால் 180/120. அன்று மாலையே ஆபரேஷன் செய்து 31-வது வாரத்தில் பிள்ளையை எடுத்தார்கள். 1,100 கிராம். நாலு நாள் இருந்தான்.

இப்போது என் தங்கச்சிக்குத் தலைச்சன் கர்ப்பம். வயது 25. அருமனை பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கடைசி மாதவிலக்கு ஆகஸ்ட் 1. போன வாரம் பிரஷர் 118/76, நார்மல் என்றார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுத்தால் இந்த நோய் வருமா என்று முன்கூட்டியே தெரியும், ஆஸ்பிரின் மாத்திரை தருவார்கள் என்று பழக்கமான ஒரு நர்ஸ் அக்கா சொன்னார். மருந்துக்கடையில் கேட்டால் அது ஹார்ட் நோயாளிகள் போடுவது என்கிறார்கள். தங்கச்சியின் மாமியாரோ, "நல்லா இருக்க பிள்ளைக்கு என்னத்துக்கு வேண்டாத பேடி (பயம்)?" என்று என்னிடம் கோபப்பட்டார். என் வாயால் சொல்வதே சகுனம் சரியில்லை என்று நினைக்கிறார்களோ என்று அன்றைக்கு முழுக்க அழுதேன். டெஸ்ட் உண்மைதானா? மாத்திரை பிள்ளைக்குக் கெடுதலா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த மாதங்களில் நான் கருவாடு ரொம்பத் தின்றேன். அதனால்தான் எனக்கு அப்படி ஆனதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கருவாட்டால் வரவில்லை. நீங்கள் தின்றதாலோ, வேலை செய்ததாலோ, பஸ்ஸில் போனதாலோ, யாரோடாவது சண்டை போட்டு மனம் கலங்கியதாலோ அது வரவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், மற்றவர்கள் வெளியே போகட்டும் என்று காத்திருந்து, தணிந்த குரலில். மூன்று வருடமாக இதைச் சுமந்திருக்கிறீர்கள் மக்களே. இறக்கி வையுங்கள்.

உங்களுக்கு வந்த நோயின் பெயர் ப்ரீஎக்லாம்ப்சியா. பாடப்புத்தகத் தமிழில் முன்சூல்வலிப்பு. இது முற்றி வலிப்பு வரும் கட்டத்தைத்தான் நம் பாட்டிமார் ஜன்னி என்றார்கள். உலக அளவில் நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இது வருகிறது. இருபது வாரத்துக்கு மேல் புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் பிரஷர் ஏறி, கூடவே சிறுநீரில் புரதம் போகும். அல்லது ஈரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை இவற்றில் ஏதாவது பாதிக்கப்படும். 160/110-ஐத் தொட்டால் அவசர நிலை.

ஆனால் அது தொடங்குவது இருபதாம் வாரத்தில் இல்லை. இதைத்தான் உங்கள் தங்கையின் மாமியாருக்குப் புரிய வைக்க வேண்டும்.

கர்ப்பப்பையின் சுவரில் நூல் போல ஒடுங்கி, திருகிச் சுருண்ட தமனிகள் இருக்கின்றன. கரு தங்கியதும் நஞ்சின், அதாவது பிள்ளைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடியின், செல்கள் அந்தத் தமனிகளுக்குள் ஊர்ந்து போய், அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, வாய் அகன்ற குழாய்களாக மாற்றும். நம் ஊர் ஆட்களுக்குச் சொன்னால் புரியும், சானல் (கால்வாய்) தூர்வாருகிற வேலைதான். பேச்சிப்பாறை அணை திறக்கும் முன்பே சானலைத் தூர்வாரி வைத்தால்தான் கடைவரம்பு வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். தூர்வாராமல் விட்டுவிட்டுப் பயிர் வாடிய பிறகு மண்வெட்டியோடு ஓடி என்ன செய்ய? கர்ப்பத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி முதல் நாலு மாதத்துக்குள் முடிந்துவிடும். அது அரைகுறையாக நின்றுவிட்ட பெண்ணுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பிரஷர் நார்மல், வீக்கம் இல்லை, வாந்தி மசக்கை எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். பிள்ளை வளர வளர நஞ்சுக்கு ரத்தம் போதாமல் போகும்போதுதான் அது சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடம்பெங்கும் உள்ள ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. பிரஷர் அதற்குப் பிறகு ஏறுகிறது. நீங்கள் 180/120-ஐப் பார்த்த காலை, அந்த நோயின் கடைசி அத்தியாயம்.

இன்னொன்று, எந்தக் கர்ப்பிணிக்கும் நடு மாதங்களில் பிரஷர் இயல்பாகவே சற்று இறங்கும். அதனால் மூன்றாம் மாதத்தில் 118/76, ஐந்தாம் மாதத்தில் 110/70 என்று பார்த்துவிட்டு இனி பயமில்லை என்று இருந்துவிடுவது சரியில்லை.

இப்போது டெஸ்ட். நர்ஸ் அக்கா சொன்னது உண்மை. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை உள்ள காலத்தில் செய்கிற பரிசோதனை இது. லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் என்ற பேராசிரியரின் குழு பல்லாயிரம் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து இந்தக் கணக்கை உருவாக்கியது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று 2019-ல் உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ பரிந்துரைத்தது. டெஸ்ட் என்றால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று நினைத்துவிட வேண்டாம். நாலு விஷயங்களைச் சேர்த்துப் போடுகிற கணக்கு இது.

முதல் விஷயத்துக்குப் பைசா செலவில்லை. குடும்பக் கதை. அம்மாவுக்கோ கூடப்பிறந்த அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால், ஒரு பெண்ணுக்கு வருகிற வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுகிறது. தலைச்சன் பிள்ளை என்பதாலும் ஏறத்தாழ அவ்வளவே கூடுகிறது. உங்கள் தங்கைக்கு இந்த இரண்டும் உண்டு. ஆனால் அவளுடைய கர்ப்பிணி அட்டையில் "அக்காவுக்கு 31 வாரத்தில் கடுமையான ப்ரீஎக்லாம்ப்சியா" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நம் பக்கத்தில் "வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர் உண்டா?" என்று கேட்பார்கள். அப்பாவுக்குப் பிரஷர் என்று சொல்வார்கள், குறித்துக்கொள்வார்கள். அக்காவின் பிரசவத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று வீட்டார் மழுப்பிவிடுவார்கள். மாமியார் சகுனம் என்று நினைக்கிறாரோ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவருக்கு அந்தத் தகவலின் மதிப்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தால், உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்.

இரண்டாவது பிரஷர். எல்லா இடத்திலும் பார்க்கிறார்கள், சரியாகப் பார்ப்பது குறைவு. காலையில் பஸ் இறங்கி, மேட்டில் ஏறி, வரிசையில் நின்று, டோக்கன் கூப்பிட்டதும் ஓடிவந்து உட்கார்ந்த பெண்ணின் சுடிதார் கைமேலேயே பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. துணியை விலக்கிவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையிலும், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை. கைப்பருமன் 32 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். பிறகு கீழ் எண்ணை இரண்டு முறையும் மேல் எண்ணை ஒரு முறையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது சராசரி தமனி அழுத்தம். தங்கையின் 118/76-க்கு அது 90. 90 நோயில்லை. ஆனால் "நார்மல்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடாமல், அந்த 90 என்ற எண்ணையே கணக்கில் சேர்க்கிறோம். வித்தியாசம் அங்கேதான்.

மூன்றாவது ஸ்கேன். மூன்றாம் மாதம் எப்படியும் பிள்ளையின் பிடரியைப் பார்க்கும் என்டி ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள். அப்போதே கர்ப்பப்பைக்குப் போகும் இரண்டு பக்கத் தமனிகளிலும் டாப்ளர் என்ற ரத்த ஓட்டப் பரிசோதனையும் பார்த்துவிடலாம். வயிற்றின் மேலிருந்தே பார்ப்பது, சில நிமிட வேலை. நான் சொன்ன தூர்வாரும் வேலை சரியாக நடந்திருந்தால் அங்கே ரத்தம் தடையில்லாமல் ஓடும். இல்லையென்றால் தடை தெரியும். ஸ்கேனுக்கு நேரம் வாங்கும்போதே "யூட்டரைன் ஆர்ட்டரி டாப்ளரும் பார்த்து பி.ஐ. எண்ணை ரிப்போர்ட்டில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அந்தத் தடையின் அளவைக் காட்டும் எண்தான் பி.ஐ. கேட்காவிட்டால் விட்டுப்போகலாம்.

நாலாவது ரத்தம். நஞ்சு சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தின் அளவு. நஞ்சு சரியாகப் பதியாவிட்டால் இது குறைவாக இருக்கும். டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்காகப் பார்க்கும் டபுள் மார்க்கர் டெஸ்டுக்கு எடுக்கும் அதே ரத்தத்தில் இதையும் பார்க்கலாம். ஆனால் டபுள் மார்க்கர் எழுதினால் இது தானாக வராது, மருத்துவர் தனியாக எழுத வேண்டும்.

இந்த நாலையும் சேர்த்தால், 34 வாரத்துக்கு முன்பு பிரசவமாகும் அளவுக்குக் கடுமையான நோயில், அதாவது உங்களுக்கு வந்தது போன்றதில், ஏறத்தாழ 90 சதவீதத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். 37 வாரத்துக்கு முன் என்று எடுத்தால் ஏறத்தாழ 75 சதவீதம். மாதம் நிறைந்த பிறகு வருவதில் பாதிக்குமேல் இதில் சிக்காது. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பரிசோதித்த பெண்களில் பத்தில் ஒருவருக்கு "ரிஸ்க் அதிகம்" என்று வரும். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவே வராது. ஆகவே அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. ரிஸ்க் குறைவு என்று வந்தால் பிரஷர் பார்ப்பதை விட்டுவிடவும் கூடாது.

பி.எல்.ஜி.எஃப். பார்க்க வசதியில்லை, டாப்ளர் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? உங்கள் தங்கை விஷயத்தில் அதற்காகக் கை கட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்து, அமெரிக்க வழிகாட்டுதல்களின்படி, நடுத்தர ரிஸ்க் காரணங்கள் இரண்டு இருந்தாலே ஆஸ்பிரின் தரலாம். முதல் கர்ப்பம் ஒன்று, சொந்த அக்காவுக்கு வந்த நோய் இன்னொன்று. இரண்டும் அவளிடம் உண்டு. நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்களும் கெஸ்டோசிஸ் ஸ்கோர் என்று ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டே போடலாம், மூன்றும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய கர்ப்பம். மலையோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட ஒரு பேனாவும் நல்ல பிரஷர் கருவியும் இருந்தால் போதும்.

இனி மாத்திரை. மருந்துக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஹார்ட் நோயாளிகளுக்குக் கொடுப்பதும் இதே ஆஸ்பிரின்தான், சின்ன அளவில். ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தட்டணுக்களைத் திரள வைக்கும் திராம்பாக்சேன் என்ற பொருளை அது குறைக்கிறது. மூன்றாம் மாதத்தில் நஞ்சுக்கு வேண்டியிருப்பதும் அந்த உதவிதான். ஒரே அரிவாளால் தேங்காயும் வெட்டுகிறோம், விறகும் வெட்டுகிறோம்.

2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஆஸ்ப்ரே என்ற ஆய்வின் முடிவு வந்தது. இந்த நாலு அம்சக் கணக்கில் ரிஸ்க் அதிகம் என்று வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு 11-14 வாரத்திலிருந்து 36 வாரம் வரை தினமும் இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின். மற்றவர்களுக்கு அதே போன்ற மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மருந்தில்லாத 822 பேரில் 35 பேருக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவமாகும் ப்ரீஎக்லாம்ப்சியா வந்தது. ஆஸ்பிரின் போட்ட 798 பேரில் 13 பேருக்கு. வாய்ப்பு ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. மாத்திரையை ஒழுங்காக விடாமல் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். மாதம் நிறைந்த பிறகு வரும் நோயை அது அவ்வளவாகத் தடுக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 31 வாரத்தில் 1,100 கிராமில் பிள்ளையை எடுக்க வைப்பது முதல் வகைதானே.

பிள்ளைக்குக் கெடுதலா என்றால், இந்தச் சின்ன அளவில் அங்கக் குறைபாடோ கருச்சிதைவோ கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். உங்கள் தங்கைக்கு அது நவம்பர் 21. பிந்தித் தொடங்கினால் பலன் குறையும், ஏனென்றால் சானல் வேலை முடிந்து போயிருக்கும். நம் நாட்டில் 75, 150 மி.கி. மாத்திரைகள் கிடைக்கின்றன. எந்த அளவு என்பதை அவளைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, குடல்புண், ரத்தம் உறையாத கோளாறு, ஆஸ்பிரின் பட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா, இதில் ஒன்று இருந்தாலும் இந்த மாத்திரை ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிறு எரிவது குறையும். 36-வது வாரத்தில், அவளுக்கு ஏப்ரல் 10 வாக்கில், பொதுவாக நிறுத்திவிடுவோம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

அரசு தரும் கால்சியம் மாத்திரையையும் விட வேண்டாம். கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிற பெண்களுக்கு இந்த நோயைத் தடுக்க அது உதவும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. காலையும் ராத்திரியும் கால்சியம், மத்தியானம் இரும்பு என்று பிரித்துக்கொள்ளட்டும். சாளை மீனை முள்ளோடு கடித்துத் தின்றால் அதிலும் கால்சியம் உண்டு. மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும் தாராளமாகத் தின்னட்டும், நேந்திரம்பழமும் தின்னட்டும். உப்பை ஒரேயடியாக நிறுத்துவதாலோ, படுத்த படுக்கையாகக் கிடப்பதாலோ இந்த நோய் தடுபடுவதில்லை. அருமனைக்காரர்கள் அவளை வீட்டு வேலை செய்ய விடாமல் கட்டிலில் கிடத்த வேண்டாம். பாசத்தில் செய்வார்கள், ஆனால் பலனில்லை.

இருபதாம் வாரத்துக்குப் பிறகு, அதாவது டிசம்பர் 19-க்குப் பிறகு, வேலை பிரஷர் கருவிக்கு. முடிந்தால் முழங்கைக்கு மேலே கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாரம் இரண்டு முறை பார்த்து ஒரு பழைய காலண்டரில் எழுதி வைக்கட்டும். வீட்டில் 135/85-ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், இரவுப் பணியில் இருந்தேன். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். நெஞ்சுக்குழியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி கிழங்கு தின்னேன் டாக்டர், கேஸ் போல" என்றாள். அவள் சொன்னதையே நானும் நம்பினேன். கேஸ் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பிரஷர் பார்க்கவில்லை. விடிகாலை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையும் பிழைத்தது. அந்த நெஞ்சுக்குழி வலி ஈரல் வீங்கி வந்த வலி. அன்றிலிருந்து, எனக்கு முன்னால் உட்காரும் கர்ப்பிணி பல்வலி என்று சொன்னாலும் பிரஷர் பார்க்காமல் அனுப்பியதில்லை.

அதனால் தங்கையிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள். பாரசிட்டமால் போட்டும் போகாத தலைவலி, கண்ணில் மின்னல் வெட்டுவது போல் அல்லது மங்கலாகத் தெரிவது, நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழோ வலி, கடைசி மாதங்களில் புதிதாக வாந்தி, காலையில் எழும்போதே முகமும் விரலும் வீங்கி மோதிரம் கழலாமல் போவது, மூச்சு வாங்குவது, பிள்ளை அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தால் இரவு இரண்டு மணி ஆனாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிரசவம் ஆகிவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. பிரசவத்துக்குப் பின் முதல் வாரத்தில் பிரஷர் கூடுதலாக ஏறும், ஆறு வாரம் வரை எச்சரிக்கை வேண்டும்.

நம் வழக்கத்தில் இன்னொரு ஆபத்தான இடம் இருக்கிறது. ஏழாம் மாதம் கூட்டிக்கொண்டு வருவது. அவளுக்கு 28 வாரம் ஆவது பிப்ரவரி 13. மாசி பிறக்கும்போது சீர் பலகாரத்தோடு திங்கள்சந்தைக்கு வந்துவிடுவாள். வளையல் வரும், பட்டுப்புடவை வரும், ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் அருமனை வீட்டு அலமாரியில் இருக்கும். புது ஆஸ்பத்திரியில் புது அட்டை போடுவார்கள், "அக்காவுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா" என்ற வரி அதில் இருக்காது, ஆஸ்பிரின் தானாக நின்றுபோகும். மிகச் சரியாக, நோய் தலைகாட்டும் மாதங்களில் இது நடக்கிறது. கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண் எங்கே போனாலும் ஒன்றுதான், அதைச் சொன்னால் போதும். ஆனாலும் காகிதங்களை ஒரு பையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்து விடுங்கள். பிரசவத்துக்கு, அவசர ஆபரேஷன் வசதியும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனை என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். அருமனையிலிருந்து என்றால் மார்த்தாண்டம், தக்கலை நெரிசலைத் தாண்டி வர வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடிதம் முழுக்கத் தங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன்.

மறுபடி கர்ப்பமானால் அவளைவிட உங்களுக்கு ரிஸ்க் கூடுதல். ஏற்கெனவே இந்த நோய் வந்த பெண்ணுக்கு, வராதவரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. 34 வாரத்துக்கு முன் பிரசவமான உங்களைப் போன்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. அப்படியென்றால் நான்கில் மூன்று பேருக்கு வருவதில்லை. ஆஸ்பிரின் அதை இன்னும் குறைக்கும். பிள்ளை வேண்டும் என்ற ஆசையை நீங்கள் மூடி வைத்திருந்தால், இந்த நோய் காரணமாக மூட வேண்டாம். கர்ப்பமாகும் முன்பே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பிரஷர், சிறுநீரில் புரதம், சிறுநீரகம், சுகர் இவற்றோடு, ஆன்டி பாஸ்போலிபிட் ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். இவ்வளவு சீக்கிரம் வந்தவர்களுக்கு அதைப் பார்க்க வேண்டும். அது இருந்தால் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் தேவைப்படலாம். இனி பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வருடம் ஒருமுறை பிரஷர் பாருங்கள். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பும் இதயநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

தேதிகளைக் கணக்குப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் 1 சரியென்றால், தங்கைக்கு 11 வாரம் ஆவது அக்டோபர் 17. 13 வாரம் 6 நாள் முடிவது நவம்பர் 6. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் நவம்பர் 9 வரட்டும் என்று இருந்தால் அன்றைக்கு அவளுக்கு 14 வாரம் 2 நாள் ஆகியிருக்கும், இந்தப் பரிசோதனையின் காலம் கடந்துவிடும். அவளுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வருவது வழக்கமென்றால் தேதி மாறும், ஸ்கேனில் பிள்ளையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரியான நேரம். நாலைந்து நாள் முன்பே நேரம் வாங்குங்கள். ஐப்பசி மழை என்று தள்ளிப்போட வேண்டாம்.

நீங்களும் கூடப் போங்கள். 2022-ல் ஆஸ்பத்திரியில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்காவது இருக்கும், எடுத்துப் பார்க்க மனமில்லாமல் உள்ளே தள்ளி வைத்திருப்பீர்கள். அதை நீங்கள் திறந்து படிக்க வேண்டியதில்லை. உறையோடு அப்படியே மருத்துவர் மேஜையில் வையுங்கள், அவர் படித்துக்கொள்வார். தங்கையின் மாமியாரையும் கூப்பிடுங்கள், இந்தக் கடிதத்தை வேண்டுமானால் முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேரப்பிள்ளைமேல் அவருக்குள்ள ஆசைதான் அன்றைக்குக் கோபமாக வந்திருக்கும். ஸ்கேன் முடிந்து பி.ஐ. எண்ணும் பிரஷரும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.